செத்த வீட்டில் சிரிப்பு: முதல் கொலைக்கதை எழுதுவது எப்படி?

படி 1: சாகவேண்டிய ஆளைப் பிடியுங்கள்

எங்கள் பக்கம் இதுதான் கஷ்டமான படி. மட்டக்களப்பு, அம்பாறையில் ஆட்கள் சுடப்பட்டதும் காணாமல் போனதும் கற்பனை இல்லை. உங்கள் கதையை வாசிப்பவரின் வீட்டுச் சுவரிலேயே மாலை போட்ட படம் தொங்கக்கூடும். அதனால் துவக்கு, வெள்ளை வான் என்று தொடங்காதீர்கள். அதில் சிரிப்பு வராது, வரவும் கூடாது. சொந்தப் பகையில், சொந்தக் குணத்தால் செத்த ஆளாக இருக்கட்டும். நான் ஒரு வட்டிக்காரரை எடுத்துக்கொள்கிறேன். ஊரில் பாதிப்பேர் அவருக்குக் கடன்காரர்.

படி 2: கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள்

யார் கொன்றார், ஏன், எப்படி. அரைப் பக்கம் போதும். எழுதிக்கொண்டே போனால் தானாகத் தெரியவரும் என்று நம்பி நான் நூறு பக்கம் எழுதினேன். கடைசியில் கொலை செய்ய ஒருவரும் மிச்சமில்லை.

படி 3: பந்தலுக்குக் கீழே போய் இருங்கள்

பிணத்தை வைத்துச் சிரிப்புக் காட்டுவது மலிவான வேலை. சுற்றி இருக்கிறவர்களைப் பாருங்கள். வட்டிக்காரரின் செத்த வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். ஆகக் கூடக் கடன்பட்டவர் ஆகப் பலமாக அழுகிறார். "இனி எங்கட வாசலுக்கு ஆர் வருவார்" என்று ஒப்பாரி வைக்கும் பெண்ணின் குரலில் துக்கம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு? நீங்கள் சொல்ல வேண்டாம். உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போனவர்கள் அலுமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். கொலைகாரரை ஒருவரும் தேடவில்லை, கடன் கொப்பியைத்தான் தேடுகிறார்கள். கதிரை வாடகைக்காரரும் கடன்காரர்தான். "கதிரையெல்லாம் நேற்று மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போயிட்டு, நாப்பதுதான் மிச்சம்" என்று கைவிரிக்கிறார். நின்றுகொண்டே அழுகிறது சனம்.

அந்தக் கதிரையை நினைவில் வைத்திருங்கள்.

படி 4: துப்பறிகிறவர்

தொப்பி போட்ட தனியார் துப்பறிவாளர் களுவாஞ்சிக்குடியில் எடுபட மாட்டார். நமக்கு இதற்கென்றே ஒருவர் இருக்கிறார்: திடீர் மரண விசாரணை அதிகாரி. நீதி அமைச்சு நியமிக்கும் உள்ளூர்க்காரர். வைத்தியராக இருக்க வேண்டும் என்றில்லை. செத்த வீட்டுக்கே வந்து சாட்சி கேட்டு எழுதுவார். சந்தேகம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் பிரேதம் போகும். எல்லோரையும் தெரிந்தவர், எல்லோர் வீட்டிலும் தேத்தண்ணி குடித்தவர். அவருக்கும் அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

படி 5: துப்பைச் சிரிப்புக்குள் புதையுங்கள்

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகருக்கு ஒளிக்கக் கூடாது என்பது. ஒளிக்காமல் எப்படி மறைப்பது? சிரிக்கிற ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் வித்தை.

நம் கொலைகாரரிடம் அதிகாரி கேட்கிறார்: "ராவு எங்க நிண்ட நீங்க?" அவர் சொல்கிறார்: "கல்லடிப் பாலத்தில ஐயா, பாடுமீன் கேட்டுக்கொண்டு. நல்ல நிலவு."

மட்டக்களப்பு வாவியில் பாடும் என்று சொல்லப்படுகிற பாடுமீன், நிலாக் காலத்தில்தான் கேட்கும் என்பது ஊரறிந்த பேச்சு, அதனால் பொய் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவான மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில். அந்த ராவு நிலவே இல்லை. கதிரைக்காரர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார், நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். வெளியூர் வாசகருக்காக அமாவாசை என்ற சொல்லை வேறோர் இடத்தில், யாராவது பிடிக்கும் விரதத்தோடு சேர்த்து, ஒரு தடவை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது அநியாயம்.

படி 6: வாசிக்கக் கொடுங்கள்

ஒரு கொழும்புக்காரருக்கும் ஒரு மட்டக்களப்பு ஆச்சிக்கும். கொலைகாரர் நிலவைச் சொல்லும் இடத்திலேயே ஆச்சி கண்ணாடியைக் கழற்றி, "அண்டைக்கு ஏது மனே நிலவு?" என்று கேட்டால், கதிரைக்காரருக்கு இன்னும் இரண்டு பகிடி எழுத வேண்டியிருக்கிறது.