கல்லறைத் தோட்டத்துக்குள் பெயிண்ட் டப்பாவோடு போகாதீர்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கினால் கோவை, சேலம், ஈரோட்டுப் பழைய கல்லறைத் தோட்டங்களில் சுத்தம் செய்யும் வேலை மும்முரமாகிவிடும். பழசைக் காப்பாற்றக் கிளம்பும் புது ஆட்கள் வருஷா வருஷம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

எழுத்துக்குப் பெயிண்ட் அடிப்பது

பெரிய நஷ்டமும் தீராத எரிச்சலும் இதுதான். மங்கிய எழுத்தில் கறுப்பு எனாமலை விட்டால் பளிச்சென்று இருக்கும், சரி. ஆனால் பெயிண்டர் தனக்குப் புரிந்ததைத்தானே எழுதுவார்? தேய்ந்த 7, 1 ஆகும். ஏழு வயதுப் பிள்ளை கைக்குழந்தையாகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த 'லை', 'னை' எல்லாம் பிழையென்று திருத்தப்படும். 'உபதேசியார்' (சபையில் வேதம் போதித்தவர்), 'பைபிள் ஸ்திரீ' (பெண்களுக்கு பைபிள் சொல்லிக்கொடுத்தவர்) போன்ற பழைய சொற்கள் புரியாமல் விட்டுப்போகும். கோவையில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி சங்கம் வேலை தொடங்கியது 1830இல். ஆனால் 1905இல் மெட்ராஸ் மாகாண அரசு அச்சிட்ட கல்லறை வாசகப் பட்டியலில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான். உள்ளூர்க்காரர் என்ன வேலை பார்த்தார் என்பதற்குப் பல சமயம் கல்லில் உள்ள அந்த ஒரு சொல்தான் சாட்சி.

பளிங்குப் பலகை என்றால் முதலில் ஆசிட் வேறு ஊற்றுவார்கள். ஊற்றியதும் நுரைக்கிறதே, அது அழுக்கல்ல, எழுத்தின் ஓரம் கரைகிறது. அடுத்த வருஷம் பழைய பெயிண்டை எடுக்க உப்புத்தாள்.

நல்ல தண்ணீரும் மெத்தென்ற நைலான் பிரஷும் போதும். இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். இடம், வலம், மேல் என மூன்று பக்கமும் வெளிச்சம் காட்டிப் படம் எடுங்கள். வரிக்கு வரி, பிழையோடு அப்படியே எழுதுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி, ஊகம் வேண்டாம்.

சிமெண்ட் பூசுவது

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930களில். அதற்கு முந்தைய கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சிமெண்டால் அடைத்தால் தரையிலிருந்து ஏறும் ஈரம் செங்கலுக்குள் தேங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். சிமெண்ட் மட்டும் கூடாக நிற்கும். பழைய காரைபோலவே நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு குழைத்துப் பூசுங்கள், ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் குழைக்காதீர்கள்.

அரசங்கன்றைப் பிடுங்குவது

வேரோடு செங்கலும் வரும். வெட்டுங்கள், துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள்.

களைக்கொல்லி

வேண்டாம்.

ஜேசிபி விட்டு மட்டம் போடுவது

கல் இல்லாத மண்மேடும் கல்லறைதான். பெயர்ந்த பலகையைச் சுவரோரம் சாய்ப்பதும் இதே கணக்கு: அடக்கப் பதிவேட்டில் பெயரும் தேதியும் கிடைக்கலாம், யார் பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்பது தரையில் மட்டும்தான் இருக்கிறது. வரிசை எண் போட்டு வரைபடம் எழுதிய பிறகே எதையும் தொடுங்கள்.