முதல் 37 நிமிடம் ரிமோட்டைத் தொடாதீர்கள்

'ஒன் கட் ஆஃப் தி டெட்' படத்தைப் பார்க்கச் சொன்னால், பலரும் இருபதாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். என் மச்சானும் அப்படித்தான். "என்ன மாப்ள, காலேஜ் பசங்க எடுத்த மாதிரி இருக்கு" என்று போன் செய்தார். தியேட்டராக இருந்தால் டிக்கெட் காசுக்காகவாவது உட்கார்ந்திருப்பார். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் ரிமோட் இருக்கிறதே!

ஷினிச்சிரோ உவேதா 2017இல் எடுத்த ஜப்பானியப் படம் இது. செலவு வெறும் 30 லட்சம் யென். பாழடைந்த கட்டடம் ஒன்றில் ஜாம்பி படம் எடுக்க வந்த குழுவை நிஜ ஜாம்பிகள் தாக்குகின்றன. இதை 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் காட்டுகிறார்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பேச்சு பாதியில் நின்று நடிகர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். சம்பந்தமே இல்லாமல் 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்று கேட்டுக்கொள்கிறார்கள். கேமரா தரையில் விழுந்து, விழுந்தபடியே கிடக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு 'பட்ஜெட் இல்லை, அதான் இப்படி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'ஏன் இப்படி?' என்ற கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள். இதற்கு மேல் நான் சொன்னால் படம் கெட்டுவிடும். அதே காரணத்தால் டிரெய்லர், விமர்சனம், விக்கிப்பீடியா எதுவும் முன்கூட்டியே வேண்டாம்.

மொத்தமே 96 நிமிடம்தான். இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்தால் முதல் பாதியில் கவனித்த சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துபோகும். இரண்டாம் பாதியின் சுவையே அவற்றை நம்பித்தான் இருக்கிறது. போனையும் தள்ளி வையுங்கள். ஜப்பானிய வசனத்தைச் சப்டைட்டிலில் படிக்க வேண்டும், அதனால் தலை குனிந்தால் ஒரு வரி போச்சு.

அப்புறம் டிவி. பல புது டிவிகள் அசைவை வழுவழுப்பாக்கி எந்தப் படத்தையும் சீரியல் போலக் காட்டும். பிக்சர் செட்டிங்கில் 'மோஷன்' என்று வரும் வசதியைத் தேடி ஆஃப் செய்துவிடுங்கள்.

கடைசியில் எழுத்துகள் ஓடும்போது, 'அடுத்த படம்' பொத்தான் வந்தாலும் அழுத்தாதீர்கள். அந்த 37 நிமிடத்தை நிஜமாகவே எப்படி எடுத்தார்கள் என்பதை அங்கேதான் காட்டுகிறார்கள். கேமராவோடு மூச்சிரைக்க ஓடும் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு என் மச்சான் மறுபடி போன் செய்தார். இந்த முறை அரை மணி நேரம் பேசினார்.