பட்டைப் படங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்துவிட்டுப் பேராதனைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் கிரபீனைப் பற்றித் தேடினால், நுனியோடு நுனி தொட்டு நிற்கும் இரண்டு கூம்புகளின் படம் கண்ணில் படும். அந்தக் கூம்பு கிரபீனுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கிரபீன் என்பது காபன் அணுக்கள் அறுகோண வலையாக இணைந்த, ஓர் அணு தடிப்பமுள்ள தாள், அதில் கூம்புக்கு ஏது இடம்? படத்தின் கிடை அச்சுகள் இலத்திரனின் உந்தத்தையும் நிலைக்குத்து அச்சு அதன் சக்தியையும் காட்டுகின்றன. இலத்திரன் கொள்ளக்கூடிய சக்திகளின் தொகுதிதான் பட்டை, அதைக் காட்டும் இப்படியான படம்தான் பட்டைப் படம்.

நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் ரயிலுக்குத் தூர-நேர வரைபு வரைந்து பாருங்கள். ரயில் திணறி ஏறும் இடத்தில் கோடு படுத்துவிடும், வேகமாக ஓடும் இடத்தில் நிமிரும். படித்திறன் சொல்வது வேகத்தை, மலையின் சரிவை அல்ல. பட்டைப் படத்திலும் படித்திறன்தான் இலத்திரனின் வேகத்தைத் தருகிறது.

அப்புறம், "கிரபீனில் இலத்திரனுக்குத் திணிவே இல்லை" என்ற பேச்சு. இலத்திரனின் திணிவு எங்கும் போய்விடவில்லை. சாதாரண குறைகடத்தியில் பட்டையின் அடி பரவளைவாக வளையும், அந்த வளைவிலிருந்து ஒரு பயன்படு திணிவை, அதாவது அந்தப் பொருளுக்குள் இலத்திரன் எவ்வளவு திணிவுள்ளதுபோல நடந்துகொள்கிறது என்பதைக் கணிக்கிறோம். கிரபீனில் கூம்பின் பக்கம் நேர்கோடு. ஆகவே ஒளியைப் போலவே, சக்தி கூடினாலும் வேகம் மாறுவதில்லை. அதற்காக ஒளியின் வேகத்தில் ஓடுகிறது என்று எழுதிவிடக்கூடாது. செக்கனுக்குச் சுமார் 10 இலட்சம் மீற்றர், அதாவது ஒளிவேகத்தில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்குதான்.

அறுகோண வலை இருந்தாலே கூம்பு வரும் என்பதும் சரியல்ல. போரன் நைத்திரைட்டுக்கும் அதே வலைதான். ஆனால் அடுத்தடுத்த அணுக்கள் இரண்டு வகை என்பதால் சமச்சீர் உடைந்து, மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் நடுவே, இலத்திரன் இருக்க முடியாத சுமார் 6 இலத்திரன்வோல்ற்று சக்தி இடைவெளி திறக்கிறது. அது காவலி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தட்டைப் பட்டை, அதாவது படித்திறன் ஏறத்தாழப் பூச்சியமான பட்டை. தட்டை என்றால் ஒன்றும் நடக்காது என்று பலர் கடந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. இரண்டு கிரபீன் தாள்களை ஏறத்தாழ 1.1 பாகை திருப்பி அடுக்கினால் பட்டை தட்டையாகும் என்று 2011இல் பிஸ்ட்ரிட்சர், மக்டொனால்ட் என்ற பௌதிகவியலாளர்கள் கணித்தார்கள். இலத்திரன்கள் மெதுவாகிவிட்டால், அவை ஒன்றையொன்று தள்ளும் விசையின் கை ஓங்கிவிடும். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஹரியோ-எரேரோவின் குழு, இலத்திரன்களின் எண்ணிக்கையை மின்னழுத்தத்தால் கூட்டிக் குறைத்து, அந்த அடுக்கை ஒருசமயம் காவலியாகவும் இன்னொருசமயம், 1.7 கெல்வின் அளவிலான குளிரில், மின்தடையே இல்லாத மீகடத்தியாகவும் ஆக்கிக் காட்டியது. எப்படித் திருப்பினாலும் இது நடக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். 2 பாகைக்குப் போனாலே பட்டையின் தட்டைத்தன்மை போய்விடும்.