‘நம் பாவங்களை மன்னியும்’ என்று கடவுளிடம் சொல்லலாமா? தவக்கால மன்றாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் எங்கள் பங்கில் (எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தில்), ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் ஞாயிறு ஒவ்வொன்றையும் ஒரு அன்பியத்திடம், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவிடம், ஒப்படைப்பார்கள். விசுவாசிகள் மன்றாட்டு எழுதும் பொறுப்பு மட்டும் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான் யாராவது ஒருவர் தலையில் விழும். பல நூற்றாண்டுகளாக ஞாயிறு திருப்பலியில் இல்லாமல் போயிருந்த இந்த மன்றாட்டை மீண்டும் கொண்டுவரச் சொன்னது, உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963-இல். மக்கள் தங்கள் வாயால் உலகத்துக்காக வேண்டும் இடம் அது. அதை அவசரத்தில் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடிக்கடி காதில் விழும் தவறு, ‘ஆண்டவரே, நம் பாவங்களை மன்னியும்’ என்பது. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. கடவுளைப் பார்த்து ‘நம் பாவங்கள்’ என்றால் அவரையும் பாவிகளோடு சேர்த்துவிடுகிறோம். ‘எங்கள் பாவங்களை’ என்பதே சரி. முன்னுரையில் மக்களைப் பார்த்து ‘நாம் மனம் திரும்புவோம்’ என்று சொல்வதில் தவறில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது வாக்கியத்தின் நடுவில் மாறிவிடுவதுதான் சிக்கல். ‘இறைவா, நாம் எல்லாரும் நோன்பிருந்து மனம் மாற அருள்தாரும்’ என்று வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். முதல் சொல் பீடத்தைப் பார்க்கிறது, அடுத்த சொல் பெஞ்சைப் பார்க்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரிது. ‘தந்தையே, எங்களுக்காகச் சிலுவையில் உயிர்விட்டீரே’ என்று எழுதிவிடுகிறோம். சிலுவையில் இறந்தவர் மகன். இயேசுவின் பாடுகளை நினைத்து வெள்ளிக்கிழமை செய்யும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் பெரும்பாலும் இயேசுவிடமே பேசுகிறோம். அந்த வரிகளை எடுத்துத் தந்தையை நோக்கிய மன்றாட்டில் ஒட்டும்போது இப்படி ஆகிறது. தந்தையை அழைத்துத் தொடங்கினால் ‘உம் மகன் எங்களுக்காகப் பட்ட பாடுகள்’ என்று தொடருங்கள். முடியும்வரை அதே ஆளிடம் பேசுங்கள்.

அப்புறம், மன்றாட்டுக்குள் பிரசங்கம். ‘செல்போனே கதி என்று கிடக்கும் இளைஞர்கள் திருந்தி ஆலயம் வர’ என்ற வரி கடவுளிடம் கேட்பதுபோல் இருக்கும், திட்டுவது பிள்ளைகளை. தவக்காலத்தில் இந்த ஆசை நமக்குக் கூடிவிடுகிறது. ஒருமுறை நானும் ‘குடித்துக் குடும்பத்தைச் சீரழிப்பவர்கள் மனம் மாற’ என்று எழுதினேன். அது வாசிக்கப்பட்டபோது மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் அவள் அப்பா. இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது. இப்போது எழுதினால், ‘குடியிலிருந்து மீளப் போராடும் எங்கள் சகோதரர்களுக்கும் அவர்களோடு சேர்ந்து துன்பப்படும் வீட்டாருக்கும் பலம் தாரும்’ என்றுதான் எழுதுவேன். சம்பந்தப்பட்டவரே பக்கத்தில் நின்று ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் மாற்றி எழுதுங்கள்.

பாடுகளைப் பற்றி எழுதும்போது ‘யூதர்கள் கொன்ற இயேசுவே’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துச் சொன்ன சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். அன்றிருந்த எல்லா யூதர்மேலும் இன்றைய யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று 1965-இல் சங்கம் தெளிவாகச் சொன்னது. இயேசுவும் மரியாவும் யூதர்கள்தானே.

போன வருட நோட்டைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் சுற்றி வரும். திருச்சபை, ஆள்வோரும் உலகமும், துன்புறுவோர், நம் பங்கு என்ற வரிசை போதும்; ஆனால் ‘உலக மக்கள் அனைவரும்’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால் யார் முகமும் மனதில் வராது. 2025-இல் புனித வாரச் செவ்வாயன்று, ஏப்ரல் 15-இல், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ அந்த வாரம் நோன்பைப் பற்றி எழுதுகிறவர், விரும்பாமலே பட்டினி கிடக்கப்போகும் வீடுகளை எப்படி மறக்க முடியும்?

நீளம் வேண்டாம். ‘வந்து, இருந்து, உணர்ந்து, திருந்தி’ என்று எச்சங்களாக அடுக்கினால் வாசகருக்கும் மூச்சு வாங்கும், கேட்பவருக்கும் முடிக்கும் வினைச்சொல் எப்போது வரும் என்று தெரியாது. மக்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களால் முடியுங்கள். தவக்காலத்தில் அல்லேலூயா வராது, மன்றாட்டிலும் அதை விட்டுவிடுங்கள்.

சமாரியப் பெண்ணின் நற்செய்தி வரும் மூன்றாம் ஞாயிறுக்கு நான் எழுதியது இது: ‘கிணற்றடியில் தாகத்தோடு அமர்ந்து தண்ணீர் கேட்ட ஆண்டவரே, குடத்தோடு குழாயடியில் காத்திருக்கும் பெண்களை நினைத்தருளும். எங்களிடம் தண்ணீர் கேட்டு வருவோரை யார் எவர் என்று விசாரிக்காத மனதை எங்களுக்குத் தாரும்.’