அடி வாங்குபவரைப் பாருங்கள்: இண்டி ரெஸ்லிங் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்டின் வழி

நான் பிசியோதெரபிஸ்ட். வருபவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் எந்த முட்டியில் வலி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வலிக்கிற காலை ஊன்றிய வேகத்திலேயே எடுத்துவிடுவார், நல்ல கால் அவசர அவசரமாக முன்னால் வந்து விழும். கை தானாகத் தொடைமேல் போகும். உட்காரும்போது அந்தக் காலை மட்டும் நீட்டிக்கொள்வார். பகலெல்லாம் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இண்டி ரெஸ்லிங், அதாவது சின்னச் சின்னக் கம்பெனிகள் தனியாக நடத்தும் ரெஸ்லிங், பார்க்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இரண்டும் ஒரே வேலைதான் என்று சொன்னால் என் தம்பி சிரிப்பான்.

பெரிய கம்பெனியின் டிவி நிகழ்ச்சியை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இண்டி பக்கம் வந்தால் இரண்டே மேட்சில் ஓடிவிடுகிறார்கள். சின்ன ஹால், மடக்கு நாற்காலிகள், சில நூறு பேர், அழுது வடியும் விளக்கு. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்கள் கண் அடிப்பவர்மேல் இருக்கிறது. யார் உயரமாகத் தாவினார், யார் எத்தனை குட்டிக்கரணம் போட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இண்டி சீக்கிரமே அலுத்துவிடும், ஏனென்றால் எல்லோருமே தாவுகிறார்கள். அடி வாங்குபவரைப் பார்க்கப் பழகுங்கள். நான் சொல்லித்தரப்போவது அவ்வளவுதான்.

இதற்கு இண்டி மேட்ச்தான் வசதி. டிவியில் அடி விழுகிற நொடியில் கேமரா கோணம் மாறிவிடும், அதற்குள் அறிவிப்பாளர் கத்துவார், ரீப்ளே ஓடும். இண்டியில் பெரும்பாலும் நிலையான கேமரா ஒன்று, ரிங்கைச் சுற்றி ஓடுகிற கைக்கேமரா ஒன்றோ இரண்டோ. ஆள் விழுந்ததிலிருந்து எழுந்து நிற்பது வரை முழு உடம்பும் கண் முன்னால் கிடக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே அக்கா?" இது தம்பியின் நிரந்தரக் கேள்வி. ஆமாம்டா, யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானதுதான். ஆனால் அந்தத் தரை பேசி வைத்ததைக் கேட்காது. இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், கடைசியில் கேன்வாஸ். அதில் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும், தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை போய் மோதும். விழுகிறவர் தாடையை மட்டும் ஒரு மேட்ச் முழுக்கப் பாருங்கள். பயிற்சி எடுத்தவர் யார், நேற்று வந்தவர் யார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

வலியைக் காட்டுவதற்கு ரெஸ்லிங்கில் செல்லிங் என்று பெயர். என்னைப் பொறுத்தவரை மேட்சின் பாதி அதுதான். இதற்கு நான் எல்லோருக்கும் போட்டுக்காட்டுவது ஒரு கூத்து. ஜப்பானில் டிடிடி என்ற கம்பெனியில் கோட்டா இபுஷி ஒரு பொம்மையோடு மோதுவார். காற்றடைத்த பொம்மை, பெயர் யோஷிஹிகோ. அது ஒரு விரலைக்கூட அசைக்காது. ஆனாலும் அது இபுஷியைத் தூக்கி எறியும், கழுத்தைச் சுற்றிச் சுழன்று கீழே சாய்க்கும், நடுவர் மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையோடு அழுத்தி ஜெயிக்கப் பார்க்கும் (இதற்குப் பெயர் ‘பின்’). தாவுவது, விழுவது, துடிப்பது எல்லாமே இபுஷி ஒருவர் செய்வது. முதல் நிமிஷம் சிரிப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் பொம்மை ஜெயித்துவிடுமோ என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அடிப்பவரே இல்லாமல் ஒரு மேட்ச் நடக்கிறது. வாங்குபவர் இல்லாமல் நடக்குமா?

இனி, பார்க்கும் முறை. ஒரு மேட்சைத் தேர்ந்தெடுத்து மூன்று தடவை பாருங்கள். ஒரே ராத்திரியில் ஆறு மேட்ச் பார்ப்பதைவிட இது நல்லது. முதல் தடவை சும்மா, எல்லோரையும்போல. இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, அடி வாங்குபவரை மட்டும். மூன்றாவது தடவை கடைசி ஐந்து நிமிஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கூட்டம் எங்கே மூச்சை இழுக்கிறது, எங்கே அமைதியாகிறது, எங்கே கடமைக்குக் கோஷம் போடுகிறது என்று காதில் விழும். ‘திஸ் இஸ் ஆசம்’ என்ற கோஷத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. கூட்டம் தன்னையே பாராட்டிக்கொள்வதுபோல் இருக்கும். ரிங்கில் கிடப்பவரின் பெயரைச் சொல்லிக் கத்தினால் அது வேறு.

இரண்டாவது தடவை பார்க்கும்போது எதைக் கவனிப்பது? என் தொழிலில் படியேறச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பத்து நிமிஷம் முட்டியிலேயே அடி வாங்கிய ஒருவர் மூலைக் கம்பத்தில் ஏறப்போகிறார். எந்தக் காலை முதலில் கயிற்றில் வைக்கிறார் என்று பாருங்கள். அடிபட்ட காலை வைத்துத் துள்ளி ஏறினால், அவருக்கு அந்தப் பத்து நிமிஷம் மறந்துபோய்விட்டது என்று அர்த்தம். நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு ஏறினால் எனக்கு அங்கேயே கை தட்டத் தோன்றும். தாவப் போகும் தாவலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

தோள் என்றால் முழங்கையைப் பாருங்கள். தோளில் அடிபட்டவர் கையை வயிற்றோடு ஒட்டி, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்வார். விலா என்றால் மூச்சைப் பாருங்கள், ஆழமாக இழுக்க மாட்டார், பேச்சு துண்டு துண்டாக வரும். வலி என்றவுடன் முகத்தைக் கோணிக்கொண்டு கத்துகிறவர்களைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். நிஜ வலிக்காரர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. அசையாமல் இருக்கப் பார்ப்பார்கள்.

இதைப் படிக்க நல்ல பாடம் 2006 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கில் ரிங் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்க இண்டி கம்பெனி நடத்திய பிரையன் டேனியல்சன், கென்டா மேட்ச். முந்தின மாதம் கோல்ட் கபானாவோடு மோதியபோது டேனியல்சனுக்குத் தோளில் நிஜமாகவே அடிபட்டிருந்தது. பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து சாம்பியன்ஷிப்பைக் காப்பாற்ற நின்றார். கென்டா அந்தத் தோளையே குறிவைத்தார். எது நிஜ வலி, எது காட்டும் வலி என்று பிரிக்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன். சில இடங்களில் முடிந்தது, சில இடங்களில் என் படிப்பே உதவவில்லை. அவ்வளவு நல்ல மேட்ச். அந்தத் தோளோடு அவர் மோதியிருக்கக்கூடாது என்பதும் என் கருத்துதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

முகத்தை நம்பாமல் உடம்பைப் படிக்கப் பழக எல் ஜெனரிகோவைப் பாருங்கள். மெக்சிகோக்காரர்போல முகமூடி, ஆள் கனடாக்காரர். பின்னாளில் முகமூடியைக் கழற்றிவிட்டு டபிள்யூடபிள்யூஇயில் சாமி ஸெய்ன் ஆனார். முகமே தெரியாத ஒருவரின் துக்கம் கடைசி வரிசை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? தோள்கள் தொங்கும், தலை ஒரு பக்கம் சாயும், எழும்போது ஒரு கையை ஊன்றி, கொஞ்சம் நின்று, பிறகு மறு கையை ஊன்றுவார். 2009 டிசம்பரில் அவரோடு ஜோடியாக மோதிவந்த டேக் டீம் கூட்டாளி கெவின் ஸ்டீன், இனி ஓய்வு என்பதுபோல் உருக்கமாகப் பேசிவிட்டு நாற்காலியால் அவரை அடித்தார். ஒரு வருஷம் கழித்து, 2010 டிசம்பர் 18இல், ஜெனரிகோவின் முகமூடிக்கும் ஸ்டீனின் ரிங் ஆஃப் ஹானர் வாழ்க்கைக்கும் பந்தயமாக ஒரு மேட்ச் நடந்தது. ஜெனரிகோ ஜெயித்தார். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் இந்த இரண்டு ராத்திரிகள்தான், இதே வரிசையில். ஸ்டீன் யாரென்று தெரியாதவர்களுக்கு: இப்போதைய கெவின் ஓவன்ஸ்.

நான் தொடங்கியது இப்படி அல்ல, அதனால் சொல்கிறேன். எவரோ போட்ட ஐந்து நட்சத்திரப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேரே 2004இல் ரிங் ஆஃப் ஹானரில் நடந்த சமோவா ஜோ, சிஎம் பங்க் மேட்சுகளில் போய் விழுந்தேன். ஜூனில் டேட்டனில் 60 நிமிஷம், டிரா. அக்டோபரில் சிகாகோ பக்கத்தில் மறுபடி 60 நிமிஷம், மறுபடி டிரா. பங்க் ஜோவின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹெட்லாக் போடுகிறார், போடுகிறார், போட்டுக்கொண்டே இருக்கிறார். நான் வேகமாக ஓட்டினேன். கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடி வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஓட்டாமல் பார்த்தேன். அப்போதுதான் ஜோ கண்ணில் பட்டார். பெரிய உடம்பு, 2003 மார்ச்சிலிருந்து சாம்பியன், எதிரே வந்தவர்களை எல்லாம் நசுக்கியவர். அவரை அடித்து வீழ்த்த முடியாது என்று பங்குக்குத் தெரியும். அதனால் களைப்படைய வைக்கிறார். ஒவ்வொரு ஹெட்லாக்கிலிருந்தும் விடுபடும்போது ஜோ கொஞ்சம் மெதுவாக நிமிர்கிறார், கழுத்தைத் தடவுகிறார், அடுத்த அடி கால் விநாடி தாமதமாக வருகிறது. கதை முழுக்க அந்தக் கழுத்தில் இருந்தது. அதைத்தான் நான் ஓட்டிவிட்டிருந்தேன். மூன்றாவது மேட்ச் அந்த வருஷம் டிசம்பரில், நேர வரம்பே இல்லாமல்; ஜோ ஜெயித்தார். இந்த மூன்றையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண் பழகின பிறகு பார்க்க வேண்டியவை.

அடிப்பவரைப் பார்க்கவே கூடாதா என்று கேட்டால், பார்க்கலாம். 2005 அக்டோபர் 1 அன்று நோவா கம்பெனியின் கென்டா கோபாஷி ஜப்பானிலிருந்து நியூயார்க் வந்து ஜோவோடு மோதினார். இவர் வேறு, மேலே சொன்ன கென்டா வேறு. கோபாஷி வெறும் கையால் நெஞ்சில் அறைவார், சத்தம் ஹாலில் எதிரொலிக்கும். அப்போதும் நான் பார்ப்பது ஜோவின் நெஞ்சைத்தான். தோல் சிவந்து தடித்துப்போகும். அதை எந்த ஒப்பனைக்காரரும் செய்ய முடியாது.

எனக்கு எரிச்சல் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நிறைய இண்டி மேட்சுகளில் கழுத்தே முறிந்திருக்க வேண்டிய அடிக்குப் பிறகு நடுவர் மூன்று எண்ணி முடிக்கும் முன், இரண்டே முக்காலில், தோளைத் தூக்குகிறார்கள், உடனே எழுந்து பதிலுக்கு அதே அடி. ஒரு தடவை என்றால் மயிர்க்கூச்செறியும். ஏழு தடவை என்றால் யாருக்கு வலிக்கிறது? ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். பெரிய அடிக்குப் பிறகு மூன்று தடவைக்கு மேல் எழுந்துவிட்டால் நான் டீ போடப் போய்விடுவேன்.

டியூப்லைட் உடைக்கும் டெத்மேட்சுகளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், என் கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. ஐடபிள்யூஏ மிட்-சவுத் என்ற இண்டி கம்பெனியில் 2005இல் ஜோவும் நெக்ரோ புட்சரும் மோதியது மட்டும் விதிவிலக்கு. நெக்ரோ அடி வாங்கும் விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் 2006 ஆகஸ்ட் 12, லிவர்பூலில் டேனியல்சனும் நைஜல் மெக்கின்னஸும் மோதிய மேட்சைப் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். டேனியல்சன் வெளியே நின்று நைஜலின் கைகளைப் பிடித்திழுத்துத் தலையை ரிங் கம்பத்தில் மோதவைப்பார், திரும்பத் திரும்ப, ரத்தம் வழியும்வரை. ஒருமுறை பார்த்தேன், போதும். தலைக்குள் இருப்பதற்குப் பயிற்சி கொடுத்து வலுவேற்ற முடியாது. டேனியல்சனே பின்னாளில் தலையில் பட்ட அடிகளின் காரணமாக 2016இல் ஓய்வு அறிவித்தார், 2018இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

நடுவரையும் ஒரு கண் வைத்திருங்கள். கீழே கிடப்பவரின் கையை அவர் பிடிப்பது பெரும்பாலும் ‘சரியாக இருக்கிறாயா’ என்று கேட்கத்தான். பதிலுக்குக் கிடப்பவர் அவர் விரலை அழுத்துவார். நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்தால் அது நிஜக் காயத்துக்கான சைகை. அதையும் சில கம்பெனிகள் கதைக்காகப் பயன்படுத்துவதுண்டு. அது எனக்குப் பிடிக்காது.

பெண்கள் மேட்சுகளுக்கு, பெண்கள் மட்டுமே மோதும் ஷிம்மர் என்ற கம்பெனியின் பழைய தொகுப்புகள். இலினாயில் பெர்வின் என்ற ஊரில் 2005 நவம்பரில் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியிலேயே சாரா டெல் ரேயும் மெர்சிடஸ் மார்டினெஸும் 20 நிமிஷம் மோதி டிரா. ஆர்ப்பாட்டமே இல்லாத மேட்ச். டெல் ரே பிற்பாடு டபிள்யூடபிள்யூஇயில் பயிற்சியாளராகப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

போன மாதம் தம்பி வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். நான் டேனியல்சன், கென்டா மேட்சைச் சத்தமில்லாமல் போட்டேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் போன் மடியில் கிடக்கிறது, அவன் கை அவனுடைய தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறது.

"என்னடா, வலிக்குதா?"

"இல்ல அக்கா, சும்மாதான்" என்றான். கையை எடுக்கவில்லை.