எதிர்ப்பொருள்: இந்த ‘எதிர்’ எதற்கு எதிர்?

தமிழ் ஆசிரியரைக் கேட்டால் எதிர்ப்பொருள் என்பது பகலுக்கு இரவு, மேட்டுக்குப் பள்ளம். உயிரியல் படிக்கும் மாணவரைக் கேட்டால், கிருமி நுழைந்ததும் உடல் உருவாக்கும் ஆன்டிபாடி. இயற்பியல்காரர்களுக்கோ அது ஆன்டிமேட்டர்: நம் பொருளில் உள்ள துகள்களின் அதே நிறையோடு, மின்னூட்டம் போன்ற பண்புகள் மட்டும் எதிராக அமைந்த எதிர்த்துகள்களால் ஆன பொருள். இங்கே பேசப்போவது இதைப் பற்றித்தான். மூவரும் சொல்வது சரிதான். அதனால், அறிவியல் எழுதும்போது கட்டுரையில் இந்தச் சொல் முதல் முறை வரும் இடத்திலேயே எந்த எதிர்ப்பொருள் என்று சொல்லிவிடுங்கள். ‘எதிர்ப்பொருள் அளவு குறைந்தது’ என்று மொட்டையாக எழுதினால், வாசகர் தடுப்பூசி பற்றிய செய்தி என்றுதான் நினைப்பார்.

இதைவிடப் பெரிய வழுக்கல் ‘எதிர்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடங்களில் நெகட்டிவ் மின்னூட்டம் எதிர் மின்னூட்டம். எலக்ட்ரானை எதிர்மின்னி என்று எழுதுகிறவர்களும் உண்டு. சரி, அப்படியானால் எலக்ட்ரானின் எதிர்த்துகளை என்னவென்று சொல்வது? எதிர்-எதிர்மின்னி என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வெறுமனே ‘எதிர் எலக்ட்ரான்’ என்றாலோ, எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான், அதாவது நம் வீட்டு மின்கம்பியில் ஓடும் சாதாரண எலக்ட்ரான் என்றே பலருக்குப் படும். உண்மையில் அந்த எதிர்த்துகளின் மின்னூட்டம் பாசிட்டிவ். இலங்கைப் பாடநூல்கள் நெகட்டிவை ‘மறை’ என்று சொல்லி இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்துவிட்டன: மறையேற்றம் ஒருபுறம், எதிர்த்துகள் இன்னொருபுறம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அது கைவராதவர்கள் எலக்ட்ரானின் எதிர்த்துகளைப் பாசிட்ரான் என்றே எழுதிவிடலாம்.

அந்தப் பெயரும் காரணத்தோடு வந்ததுதான். 1928-இல் பிரிட்டன் இயற்பியலாளர் பால் டிராக் எலக்ட்ரானுக்காக எழுதிய சமன்பாட்டுக்குள் இப்படியொரு துகள் ஒளிந்திருந்தது. 1932-இல் கலிஃபோர்னியாவில் இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன், துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் மேக அறைக்குள் ஓர் ஈயத் தகட்டை வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்தார். தகட்டைக் கடந்த துகள் ஆற்றலை இழந்து முன்னைவிட அதிகமாக வளையும். அதைக் கொண்டு அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. திசை தெரிந்ததும், காந்தப்புலத்தில் அது வளைந்த விதம் பாசிட்டிவ் மின்னூட்டத்தைக் காட்டியது. புரோட்டானாக இருந்திருந்தால் அவ்வளவு நீளமான தடம் விழுந்திருக்காது. பாசிட்டிவ் எலக்ட்ரான் சுருங்கிப் பாசிட்ரான் ஆயிற்று.

இங்கிருந்து அடுத்த தவறுக்குப் போய்விடுவோம்: மின்னூட்டத்தைத் திருப்பிப் போட்டால் எதிர்த்துகள் வந்துவிடும் என்பது. அப்படியானால் மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்கு எதிர்த்துகள் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. 1956-இல் பெர்க்லியில் அதைக் கண்டார்கள், எதிர்ப்புரோட்டானைக் கண்டதற்கு அடுத்த ஆண்டு. நியூட்ரானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருப்பதுபோல அதற்குள் எதிர்க்குவார்க்குகள் இருக்கின்றன. மாறாக, ஒளித்துகளான ஃபோட்டானுக்குத் தனியாக எதிர்த்துகள் கிடையாது. அதுவே அதற்கு எதிர்த்துகள்.

எடையும் எதிராகிவிடும், கீழே போட்டால் விழாமல் மேலே பறக்கும் என்றும் எழுதுகிறார்கள். நிறை துளியும் மாறுவதில்லை, பாசிட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் ஒரே நிறைதான். விழுவதைப் பற்றிச் சந்தேகப்பட்டதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஏனென்றால் அதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு, எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறிக்குள் பிடித்து வைத்து மெல்லத் திறந்துவிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை கீழ்ப்பக்கமாகத்தான் வெளியேறின. முடிவு வெளியானது 2023-இல்.

‘இரண்டும் மோதினால் ஒன்றுமே மிஞ்சாது’ என்பதும் பாதி உண்மைதான். எலக்ட்ரானும் பாசிட்ரானும் நிதானமாகச் சந்தித்தால் பெரும்பாலும் இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும், ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரானின் நிறைக்கு ஈடான 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். கணக்குக் கொஞ்சமும் குறையாது. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் சந்தித்தால் பயான் போன்ற வேறு துகள்களே பிறக்கின்றன. ஆகவே ‘அழிந்து மறைந்தது’ என்பதைவிட ‘ஆற்றலாகவும் வேறு துகள்களாகவும் மாறியது’ என்பது பொருத்தம்.

கரும்பொருளோடு, அதாவது டார்க் மேட்டரோடு, எதிர்ப்பொருளைக் குழப்பாதீர்கள். கரும்பொருள் ஒளியோடு உறவே வைத்துக்கொள்ளாதது. எதிர்ப்பொருளோ நம் பொருளைப் போலவே ஒளியை உமிழும், உறிஞ்சும்.

கடைசியாக, எதிர்ப்பொருள் எங்கோ கதைகளில் மட்டும் வருவது என்ற நினைப்பு. புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் முதல் எழுத்தான P குறிப்பதே பாசிட்ரானைத்தான். உடலில் செலுத்தும் கதிரியக்க ஃபுளோரின்-18 பாசிட்ரான்களை உமிழ, மேலே சொன்ன அந்த இரண்டு காமா கதிர்களைத்தான் கருவி பிடிக்கிறது. அவ்வளவு ஏன், வாழைப்பழத்தில் இருக்கும் பொட்டாசியம்-40 கூட ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாசிட்ரானை வெளியே விடுகிறது. வெளிவந்த நொடியிலேயே அது பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து காமா கதிர்களாக மாறிவிடும். பயப்படாமல் சாப்பிடலாம்.