சீ பக்தார்னுக்கு உப்பு வேண்டாம்

சீ பக்தார்ன் என்ற பழச்செடியின் பெயரிலேயே ‘சீ’, அதாவது கடல், இருக்கிறதே என்று தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றியவர்களில் நானும் ஒருவன். நான் இருக்கும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், மணல்மேடுகளில் இந்த முள்செடி தானாகவே வளர்கிறது. உப்புக்காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். லடாக்கில் 3000 மீட்டருக்கு மேலே, சிந்து நதியோரத்திலும் நுப்ரா பள்ளத்தாக்கிலும் இதே இனம் புதர் புதராக நிற்கிறது. அங்கே ஏது கடல்? அதற்கு வேண்டியது வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும், நல்ல குளிர்காலமும்தான். அதனால் சென்னை மொட்டைமாடிக்கு என்று இதன் விதையை வாங்குவது வீண் செலவு. கன்று முளைத்தாலும் பழம் பார்க்க முடியாது.

அடுத்த தவறுதான் பெரியது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பெண்ணில் மட்டும். நம் தாழையும் இப்படித்தான். ஆனால் தாழையில் எல்லோரும் தேடுவது ஆண் மரத்தின் மணக்கும் மடலை. பெண் மரம் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கிறார்கள்? இங்கே அப்படி விட முடியாது. ஒரு நர்சரியில் ‘ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்த இரண்டு கன்றுகளை நட்டு நாலு வருஷம் காத்திருந்தேன். பூத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஆண்.

விதையில் வந்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும் வயது வரை வெளியே தெரியாது. அந்த வயது வந்ததும், குளிர்காலக் கடைசியில், இலையில்லாத கிளையை முள் குத்தாமல் கிட்டே இழுத்துப் பாருங்கள். ஆண் மொட்டு தடித்து, செதில் செதிலாக அடுக்கி, குட்டிப் பைன் காய் மாதிரி இருக்கும். பெண் மொட்டு சின்னதாக, ஒல்லியாக இருக்கும். இவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்றால், தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த பெயருள்ள ரகமாக வாங்குங்கள்: பெண்ணுக்கு ‘லெய்கோரா’, ஆணுக்கு ‘போல்மிக்ஸ்’. ஆறேழு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று என்பதால், ஆண் செடியைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், காற்று வரும் பக்கத்தில் நடுங்கள்.

உரம் போட்டுக் கெடுப்பவர்களும் உண்டு. இதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. தழைச்சத்துக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

பழம் பறிப்பதில்தான் பொறுமை போகும். கிளையோடு ஒட்டிக் கிடக்கும் பழம் இழுத்தால் உடைந்து கையெல்லாம் சாறாகும், முள் வேறு. பழமுள்ள கிளையை வெட்டி ஃப்ரீசரில் வைத்து, உறைந்ததும் தட்டினால் பொலபொலவென்று உதிரும். சுலபமாக இருக்கிறதே என்று எல்லாக் கிளையையும் வெட்டிவிடாதீர்கள். போன வருஷம் வளர்ந்த தண்டில்தான் இந்த வருஷம் காய்க்கும். மொத்தமாக மொட்டையடித்தால் அடுத்த வருஷம் ஒன்றும் இருக்காது.

அப்புறம் இடம். வேரிலிருந்து பக்கக் கன்றுகள் சில மீட்டர் தள்ளிக்கூடக் கிளம்பும். பக்கத்து வீட்டுப் புல்தரையில் முள் முளைத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சீ கேல் என்ற இன்னொரு கடலோரச் செடியை, சாப்பிடும் தண்டுக்காக, வளர்க்க ஆசைப்பட்டுக் கூழாங்கல் கரையில் நிற்கும் செடியைத் தோண்டி எடுக்காதீர்கள். இங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். வேர்த்துண்டு விலைக்கே கிடைக்கிறது. நட்ட வருஷமே தண்டை வெட்டிச் சாப்பிட்டால் செடி தேறாது. முதலில் வேர் தடிக்கட்டும்.

சதுப்பில் வளரும் சாம்ஃபயர் என்ற கீரை மட்டும் வேறு கதை. வேதாரண்யம், பிச்சாவரம் பக்கம் இருக்கும் நம் உமரிக்குச் சொந்தக்காரச் செடி இது. நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினால் ருசியும் வராது, செடியும் சோர்ந்துவிடும். லிட்டருக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்து ஊற்றலாம். சீ பக்தார்னுக்கு வாங்கி மிச்சமான என் உப்புப் பாக்கெட் கடைசியில் இந்தத் தொட்டிக்குத்தான் போனது.